தேத்தண்ணி குடிக்காத அக்கா

என் வீட்டைத் தேடி வருகிறவர்கள் ஒழுங்கையின் பெயரைக் கேட்பதில்லை. "தேத்தண்ணி குடிக்காத அக்காவின்ர வீடு எங்க?" என்று கேட்டால் போதும், ஒட்டுசுட்டான் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர் கையைக் காட்டிவிடுவார். நான் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள். காணிப் பத்திரம் தொலைந்தவர்கள், யானை வேலியை உடைத்ததற்கு நட்டஈடு கேட்கிறவர்கள், காணாமல்போன மகனைப் பற்றிப் பத்தாவது தடவையாக விண்ணப்பிக்கிறவர்கள் என்று பின்னேரங்களில் நாளுக்கு இரண்டு மூன்று பேர் வருவார்கள். முன் விறாந்தையில் என் சக்கர நாற்காலியும் ஒரு மேசையும், எதிரே வருகிறவருக்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் இருக்கும். வந்தவர் இருந்து மூச்சு விடுவதற்குள் என் தங்கச்சி தேத்தண்ணியோடு வந்துவிடுவாள். ஒரே ஒரு பேணிதான் கொண்டுவருவாள்.

"அக்காவுக்கு?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

"அவா தேத்தண்ணி குடிக்கிறேல்லை."

வந்தவர் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்ப்பார். நடக்க முடியாவிட்டாலும் எவ்வளவு கட்டுப்பாடு என்று நினைப்பார்போல. சிலர் விரதமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு மனிதர் தன் மருமகளிடம் என்னை உதாரணம் காட்டியதாகவும் கேள்விப்பட்டேன்.

எனக்குத் தேத்தண்ணி என்றால் உயிர். இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். சுடச்சுட, நாக்கு பொத்துப்போகிற சூட்டில். எதிரே இருக்கிறவர் ஊதி ஊதிக் குடிக்க, அந்த வாசத்தில் நான் 'மதிப்புக்குரிய ஐயா' என்று எழுதிக்கொண்டிருப்பேன். பதினைந்து வருடமாக இப்படித்தான். எத்தனை கடிதங்களில் என் வாய் ஊறியது என்று அவற்றைப் பெற்றுக்கொண்ட ஐயாக்களுக்குத் தெரியாது.

கடைசிச் சண்டையில் ஒரு ஷெல் துண்டு என் முதுகெலும்பில் பட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. கேட்க விரும்புகிறவர்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டார்கள், படமும் எடுத்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே கால்கள் என் சொல் கேட்பதில்லை. சிறுநீர் வருவது தெரியும், ஆனால் நெடுநேரம் அடக்க முடியாது. வந்தது என்று சொன்னால் தங்கச்சி என்னை அறைக்குள் தள்ளிக்கொண்டு போவாள். என் அக்குளுக்குள் கையைக் கொடுப்பாள், நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வேன், ஒன்று இரண்டு மூன்று என்று தூக்கிக் கொமட் கதிரையில் வைப்பாள். பிறகு கழுவி, துடைத்து, உடுத்தி, திரும்பத் தூக்கி வைத்து, வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளியிருக்கும் கக்கூசுக்குப் போவாள். ஒரு தடவைக்குக் கால் மணித்தியாலம் ஆகும். நான் ஒன்றும் பஞ்சுப் பொதியில்லை, கனத்த மனுசி.

அந்தக் கக்கூசையும் சொல்லவேண்டும். வீட்டுத் திட்டத்தில் எல்லோருக்கும் ஒரே வரைபடம். முன்னால் இரண்டு படி, பின்னால் மண் பாதை, பாதை முடிவில் மூன்று படி ஏறினால் மலசலகூடம். நடக்க முடியாதவர் வீட்டில் உள்ளாரா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'ஆம்' என்று என் கையால் நான்தான் எழுதினேன். யாரோ அதைப் பார்த்துச் சரி போட்டுவிட்டு அதே மூன்று படியைக் கட்டிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு மூன்று கடிதம் எழுதினேன். ஊரில் எத்தனையோ பேருடைய காரியம் என் கடிதத்தால் முடிந்திருக்கிறது. என்னுடையதற்கு மட்டும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மூன்றாவதுக்கு அதுவும் வரவில்லை.

தங்கச்சியின் மனிசனும் அந்தச் சண்டையின் கடைசி மாதங்களில் போனவர்தான், திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. அம்மா இருந்தவரை மூன்று பேர், பிறகு நாங்கள் இரண்டு பேர். அவள் வயலிலும் கச்சான் கடலைத் தோட்டத்திலும் கூலிக்குப் போவாள். காலை ஏழு மணிக்குப் போனால் பின்னேரம் இரண்டரைக்கு வருவாள். அவள் இல்லாத நேரத்தில் என்னைத் தூக்க ஆளில்லை, ஆகவே அந்த நேரத்தில் எனக்கு வரக்கூடாது. வராமல் இருக்க ஒரே வழி உள்ளே போகாமல் இருப்பது.

இந்தச் சட்டத்தை யாரும் வாய்விட்டுப் போடவில்லை. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் பின்னேரம் நான் ஆசைப்பட்டு இரண்டு பேணி தேத்தண்ணி குடித்துவிட்டேன். அன்று அவளுக்குக் காய்ச்சல். நாலாவது தடவை என்னைத் தூக்கி வைத்தவள் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அடுத்தநாள் எனக்குத் தேத்தண்ணி வரவில்லை. அதற்கடுத்த நாள் கடிதம் எழுதுவிக்க வந்த ஒருவர் "அக்காவுக்கு?" என்று கேட்க, அவள் அந்தப் பதிலைச் சொன்னாள். நான் பேனையின் மூடியைக் கழற்றி எழுதத் தொடங்கினேன். அதற்குப் பிறகு காலைச் சாப்பாட்டோடு அரைப் பேணி தண்ணீர், அவள் வந்தபின் சோற்றோடு ஒரு பேணி, மூன்று மணிக்குப் பிறகு ஒன்றுமில்லை. குடம் குசினிக்குள் இருந்தது. குசினி வாசலில் படி. என் சக்கரம் ஏறாது.

இப்படியிருக்க ஒருநாள் சமூகசேவைப் பகுதியிலிருந்து ஒரு உத்தியோகத்தர் அம்மா வந்தா. நல்ல மனுசி, சிரித்த முகம். மாற்றுத்திறனாளிகளைப் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு விழா வைத்துக் கௌரவிக்கப் போகிறார்களாம், எங்கள் பகுதியில் என் தங்கச்சியைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். அதற்கு ஒரு பக்கத்தில் சிபாரிசுக் கடிதம் வேண்டுமாம்.

"நீங்களே எழுதித் தாங்கோவன், உங்களை மாதிரி ஆர் எழுதப்போயினம்?" என்றா.

தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள், ஒரு பேணி. நான் எழுதினேன். பதினைந்து வருடமாகத் தன் சுகதுக்கங்களைத் துறந்து, உடன்பிறந்தவளின் தேவைகளைக் குறிப்பறிந்து நிறைவேற்றி வருகிறார் என்று எழுதினேன். 'குறிப்பறிந்து' என்ற சொல் வந்த இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு ஓடியது. அந்த அம்மா வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தா. எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைப் பறித்துக் கிழித்திருக்கலாம். "முத்திரை ஒட்ட வேணுமோ?" என்றுதான் கேட்டேன்.

விழா நகரத்து மண்டபமொன்றில், காலை எட்டு மணிக்கு. அதற்காக எனக்கு முதல்நாள் மத்தியானத்தோடு தண்ணீர் நின்றது. எட்டு மணி விழா பத்தரைக்குத் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிறகு ஒரு நடனம். மண்டபத்து மலசலகூடத்துக்கு எத்தனை படி என்று நான் எண்ணிப் பார்த்தேன், நாலு. மாற்றுத்திறனாளிகளுக்கான விழாவில், பதினேழு சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்க, நாலு படி. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரைப் பார்த்தேன். அவருடைய உதடும் என்னுடையதைப்போல வெடித்திருந்தது. எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

தங்கச்சியின் பெயரைக் கூப்பிட்டபோது என்னையும் மேடைக்கு ஏற்ற வேண்டும் என்றார்கள், படத்துக்கு. வேண்டாம் என்றேன். நாலு ஆண்கள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். ஒருவன் சில்லைப் பிடித்தான், ஒருவன் என் கால் தாங்கியைப் பிடித்தான், சீலை முழங்காலுக்கு மேலே போனது. என் கை இரண்டும் நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்ததால் அதை இழுத்துவிட முடியவில்லை. முந்நூறு பேர் கைதட்டினார்கள்.

"இந்தத் தங்கை மனிதப் பிறவியல்ல, தெய்வம்" என்று பிரதம விருந்தினர் ஒலிவாங்கியில் சொன்னார்.

அவள் தெய்வமென்றால் நான் யார்? சந்நிதியில் உடைக்க வைத்த தேங்காயா? அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு கேடயம் கொடுத்தார்கள். கீழே இறங்கியதும் ஆளுக்கொரு சோடாப் போத்தல் தந்தார்கள். குளிர்ந்த போத்தல், வெளியில் தண்ணீர் துளித்திருந்தது. நான் மூடியில் கையை வைப்பதற்குள் தங்கச்சி அதை வாங்கிக்கொண்டாள்.

"அவாவுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று பரிமாறிய பிள்ளையிடம் சொன்னாள்.

தன்னுடைய போத்தலையும் திறக்காமல் இரண்டையும் பையில் வைத்தாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. நான் என் தாகத்தோடு இருந்தேன், மற்றவளின் தாகத்தைப் பார்க்க எனக்கு அன்று கண்ணில்லை.

இரண்டு நாளில் காய்ச்சல் வந்தது. பல்லோடு பல் அடிக்கிற நடுக்கம். சிறுநீர் வெறுந்தேத்தண்ணியின் நிறத்தில் போனது, பிறகு இரத்தமாகப் போனது. ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சிறுநீரகத்தில் கல்லும் கிருமியும் என்றார்கள். இளம் டொக்டர் என் கட்டிலின் காலடியில் நின்று, என் தலைக்கு மேலால் தங்கச்சியைப் பார்த்துக் கேட்டார்.

"இவா ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறவா?"

"அவா குடிக்கமாட்டா டொக்டர். எவ்வளவு சொன்னாலும் கேக்கிறேல்லை."

டொக்டர் இப்போது என்னைப் பார்த்தார். காது கேளாதவளோடு கதைப்பதைப்போலக் குரலை உயர்த்தினார். "அம்மா, தண்ணி குடிக்கவேணும், விளங்குதோ? தங்கச்சி எவ்வளவு கஷ்டப்படுறா, பாருங்கோ. அவாவுக்காக எண்டாலும் குடியுங்கோ."

"ஓம் டொக்டர்" என்றேன்.

இந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவளைக் காட்டிக் கொடுக்காத பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம். டொக்டர் போய்விடுவார், அடுத்த வாரம் என்னைத் தூக்க வருகிறது அவள்தான். தூக்கி வைக்கிற கையோடு யார் நியாயம் கதைப்பது? ஊருக்கெல்லாம் முறைப்பாட்டுக் கடிதம் எழுதுகிறவள் தன் முறைக்கு வந்தபோது பொய்க்குச் சாட்சிக் கையெழுத்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குழாய் போட்டிருந்தார்கள். அந்த ஐந்து நாளும் நான் ராணி. யாரும் தூக்க வேண்டியதில்லை, பை தானாக நிறையும், தாதி வந்து ஊற்றிவிட்டுப் போவா. காலையும் பின்னேரமும் வாட்டுக்குத் தேத்தண்ணி வந்தது. இனிப்புக் கூடிய, ஆறிப்போன, ஒன்றுக்கும் உதவாத தேத்தண்ணி. நான் பேணியின் அடி வரை குடித்தேன். தங்கச்சி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளுக்கு வந்ததையும் என் பக்கம் நகர்த்திவைத்தாள். நான் அதையும் குடித்தேன், நன்றி சொல்லவில்லை. ஆறாம் நாள் குழாயைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள், மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் காடு வெட்டிக் குடியிருக்கும் ஒரு ஐயா வந்தார். பட்டப்பகலில் யானை அவருடைய வாழைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டதாம். நட்டஈட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். நான் படிவத்தை எடுத்துத் திகதி எழுதினேன். தங்கச்சி தேத்தண்ணியோடு வந்தாள். அதே ஒரு பேணி. டொக்டர் சொன்னது அவளுக்கும் கேட்டதுதானே? சோற்றோடு கொடுக்கும் ஒரு பேணியை ஒன்றரை ஆக்கியிருந்தாள், அவ்வளவுதான். மூன்று மணிச் சட்டத்தில் மாற்றமில்லை.

பேனையை மேசையில் வைத்தேன்.

"எனக்கும் ஒரு தேத்தண்ணி போடு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "இஞ்சி போட்டு. பனங்கட்டியும் கொண்டுவா."

அந்த ஐயா பேணியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "அக்கா, நீங்க தேத்தண்ணி குடிக்கிறதில்லைன்னுதானே சொல்லுவாங்க?"

"குடிக்கிறனான் ஐயா. தந்தாக் குடிப்பன்."

தங்கச்சியின் முகம் சுண்டிப்போனது. விருந்தாளிக்கு முன்னால் இல்லையென்று சொல்ல முடியாது. குசினிக்குள் போனாள். இஞ்சி இடிக்கிற சத்தம் கேட்டது, தேவைக்கு மேலே இடித்தாள். பேணியைக் கொண்டுவந்து மேசையில் டொக்கென்று வைத்தாள். நான் ஐயாவுக்கு முன்னாலேயே குடித்தேன். நாக்கு பொத்துப்போனது, கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனை வாழை, எத்தனை குலை என்று கேட்டுக் கேட்டு மிச்சப் படிவத்தை நிரப்பினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போகும்வரை அவள் குசினியை விட்டு வரவில்லை.

பிறகு வந்தாள்.

"ஆக்களுக்கு முன்னால என்னைக் கெட்டவளாக்கிப்போட்டாய்."

"தேத்தண்ணி கேட்டது பிழையோ?"

"என்னட்டக் கேக்க வேண்டியதுதானே? எதுக்கு அந்த மனுசனுக்கு முன்னால?"

"உன்னட்டக் கேட்டா வருமோ? டொக்டரிட்ட ஏனடி பொய் சொன்னனி?"

"நீ ஏன் ஓம் எண்டனி?"

என் பிழையை எடுத்துச் சொன்னால் எனக்குக் கோபம் இரட்டிப்பாகும், அது என் சுபாவம். கத்தினேன். பதினைந்து வருடமாக அளந்து அளந்து ஊற்றினாயே, ஒருநாள், ஒரேயொரு நாள், உனக்குத் தாகமோ என்று கேட்டாயா என்றேன். பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு வா, அதைப் பிழிந்து குடிக்கிறேன் என்றேன். கேடயம் அலுமாரிக்கு மேலே இருந்தது. எட்டியிருந்தால் அதையும் எறிந்திருப்பேன்.

"நானும்தானே குடிக்கிறேல்லை!" என்று அவள் கத்தினாள்.

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"கச்சான் தோட்டத்தில முப்பது பொம்பிளையள் நிக்கிறம். ஏழு மணிக்குப் போனா ரெண்டு மணி மட்டும். ஒரு கக்கூசு இல்லை. அங்கால பக்கம் ஆம்பிளையள் மெசினோட நிக்கிறாங்கள், இஞ்சால பக்கம் காடு. பத்தைக்குள்ள போனா யானை நிக்கும், போன மாசம் ஒருத்தி பாதியில எழும்பி ஓடி வந்தவள், ஊரே சிரிச்சது. நாங்கள் ஆர் தண்ணி குடிக்கிறம்? ஒருத்தியும் குடிக்கிறேல்லை. விடியத் தொடங்கி வெயிலுக்குள்ள குனிஞ்சு நிக்கிற எனக்கு ஏலுமெண்டா, நிழலுக்க இருக்கிற உனக்கு ஏன் ஏலாது எண்டு நினைச்சன். அம்மா சொன்னதுதானே?"

அம்மா சொன்னதுதான். சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில், தறப்பாள் கட்டிய கக்கூசுகளுக்கு முன்னால் ஒரு நாள் போதாத வரிசை. இருட்டிய பிறகு பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயம். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னா, "பிள்ளையள், மூண்டு மணிக்குப் பிறகு தண்ணி வாயில வைக்காதேங்கோ." நான் அப்போதும் படுத்தபடிதான். அம்மாவுக்கு வேறு வழியில்லை, அவவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகாமை விட்டு வந்தோம், வீடு கட்டினோம், அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டா. அந்த மூன்று மணி மட்டும் எங்களோடு கூடவே வந்து எங்கள் குசினியில் இருந்திருக்கிறது. அவள் என்னைத் தண்டிக்கவில்லை. தனக்கு எது ஒழுக்கமோ அதையே எனக்கும் தந்தாள், ஒரே சட்டியிலிருந்து இரண்டு கோப்பைக்குப் போடுவதைப்போல.

இது தெரிந்ததும் என் கோபம் ஆறிவிட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆறவில்லை. காரணம் தெரிந்தால் சிறுநீரகத்துக் கல் கரைந்துவிடுமா? அவள் செய்தது பிழைதான், நான் ஓம் என்று சொன்னதும் பிழைதான். ஆனால் இதுவரைக்கும் ஒரு ஆளில் நின்ற கோபம் இப்போது எங்கே நிற்பதென்று தெரியாமல் அலைந்தது. மூன்று படி கட்டியவன், நாலு படி மண்டபத்தில் எங்களை வரிசையாக வைத்தவன், முப்பது பெண்களைக் குனிய விட்டுவிட்டு ஒரு ஓலைத் தட்டிகூட மறைத்துக் கொடுக்காத தோட்டக்காரன் எல்லோரும் நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, ஒரு வீட்டுக்குள் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருந்தோம். வெளியில் நின்று பார்த்தவர்கள் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்து மாலை போட்டார்கள்.

முன்வீட்டு அக்காவைக் கேட்போம், நீ வேலைக்குப் போனபிறகு பத்து மணிக்கும் பன்னிரண்டரைக்கும் வந்து என்னைத் தூக்கி வைக்கச் சொல்வோம் என்றேன். அந்த அக்கா முன்பே ஒருதரம் உதவி வேணுமோ என்று தானாகக் கேட்டவாதான்.

"ஊர் என்ன சொல்லும்?" என்றாள் தங்கச்சி. "பொன்னாடை வாங்கினவள் அக்காவை அடுத்த வீட்டில பாரம் குடுத்திட்டாள் எண்டு சொல்லாதோ?"

பார்த்தீர்களா, அந்தப் பொன்னாடை செய்த வேலையை? அவளைத் தெய்வமாக்கியவர்கள் அவளுக்கு உதவி கேட்கிற வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் அன்றே முன்வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். அந்த அக்கா ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தா. விஷயத்தைச் சொன்னேன். "இதுக்கே இவ்வளவு சண்டை? ஒழுங்கை முழுக்கக் கேட்டது" என்றா. அடுத்தநாள் பத்து மணிக்கு வந்து நின்றா. தூக்கத் தெரியாது, முதல் நாள் என்னைப் பாதி கட்டிலிலும் பாதி கதிரையிலுமாக வைத்து இரண்டு பேரும் சிரித்தே களைத்துப்போனோம்.

தங்கச்சி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வேலைக்குப் போகுமுன் குசினியிலிருந்து குடத்தைத் தூக்கிவந்து, என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்து, மேலே பேணியைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. தூக்கும்போது இன்றைக்கும் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் தூக்குகிறாள், வாளியைச் சத்தம் போட்டுத்தான் வைக்கிறாள். வைக்கட்டும். நான் குடிக்கிறேன்.

போன கிழமை, கச்சான் பிடுங்கல் மும்முரமாக நடக்கிற நேரம். இரண்டரைக்கு வந்தாள். முகம் கறுத்து, உதட்டோரத்தில் வெள்ளை படிந்திருந்தது. அந்த உதட்டை எனக்கு நன்றாகத் தெரியும், பதினைந்து வருடமாகக் கண்ணாடியில் பார்த்தது. குடத்திலிருந்து பேணி நிறைய வார்த்து நீட்டினேன். அவளுக்கு நான் தண்ணீர் கொடுப்பது, யோசித்துப் பார்த்தால், காயப்பட்ட பிறகு அதுதான் முதல் தடவை. விறாந்தைப் படியில் குந்தியிருந்து இரண்டு மிடறு குடித்தாள். பேணியை இறக்கினாள்.

"மிச்சத்தையும் குடி."

"காணும்."

"குடியடி. சாகப் போறியோ?"

"நாளைக்கும் வேலை இருக்கு. இப்பவே நிப்பாட்டினாத்தான் நாளைக்கு அங்க நிக்கலாம்."

"எனக்கு வந்த வருத்தம் உனக்கும் வரும். பாத்தனிதானே?"

கோபித்துக்கொள்ளாமல்தான் சொன்னாள். "நீ குடி அக்கா. உன்னைத் தூக்க நான் இருக்கிறன், முன்வீட்டு அக்கா இருக்கிறா. அங்க தோட்டத்தில என்னை ஆர் எங்க கொண்டுபோறது?"

பேணியில் மிச்சமிருந்ததைப் படியோரத்து மிளகாய்க் கன்றின் அடியில் ஊற்றிவிட்டு, முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.